இறந்து 2 வருடம் கழித்து நம்பர் 1: ஜிம் ரீவ்ஸின் கதை

1966 செப்டம்பர். பிரிட்டன் முழுக்க பீட்டில்ஸ் ஜுரம். அந்த நேரத்தில் அங்கே பாப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்து, 5 வாரம் நகராமல் உட்கார்ந்த பாட்டு எது தெரியுமா? 'டிஸ்டண்ட் டிரம்ஸ்'. பாடியவர் ஜிம் ரீவ்ஸ் என்ற அமெரிக்க கன்ட்ரி பாடகர். அப்போது அவர் இறந்து 2 வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

பெயர் புதுசா இருக்கா? வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்க. இந்தியாவிலும் இலங்கையிலும் அவருக்கு ஒரு பெரிய ரசிகர் கூட்டம் உண்டு. டிசம்பர் வந்தால் நீங்கள் எங்கேயாவது கேட்கும் அந்தக் கனத்த, மிருதுவான கிறிஸ்துமஸ் குரல் அவருடையதாகவே இருக்கலாம்.

ரீவ்ஸ் 1923-ல் டெக்சாஸின் காலோவே என்ற சிற்றூரில் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா இறந்துவிட்டார். பையனுக்கு ஆசை பாட்டில் இல்லை, பேஸ்பாலில். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் கீழ்நிலை அணி ஒன்றில் பந்து வீசும் அளவுக்கு வந்தார். பந்து எறியும்போது நரம்பில் காயம் பட்டது. அத்தோடு அந்தக் கனவு முடிந்தது. பிழைப்புக்குக் கிடைத்தது ரேடியோ அறிவிப்பாளர் வேலை.

மைக் முன்னால் கத்த வேண்டியதில்லை என்பது அறிவிப்பாளருக்குத் தெரியும். ஆனால் பாடகராக ரீவ்ஸும் முதலில் கன்ட்ரி வழக்கப்படி உரக்கத்தான் பாடினார். 1957-ல் 'ஃபோர் வால்ஸ்' பாட்டுக்கு மைக்கை உதட்டுக்குப் பக்கத்தில் வைத்து, குரலை இறக்கி, காதில் பேசுவது போலப் பாடினார். தயாரிப்பாளர் செட் அட்கின்ஸ் துணை நின்றார். 1960-ல் 'ஹீ'ல் ஹாவ் டு கோ' அமெரிக்க கன்ட்ரி பட்டியலில் 14 வாரம் முதலிடம், பாப் பட்டியலில் 2-ஆம் இடம். நார்வே, தென்னாப்பிரிக்கா என்று ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களிடமும் அந்தக் குரல் போய்ச் சேர்ந்தது.

1964 ஜூலை 31. தனது சிறிய விமானத்தைத் தானே ஓட்டிக்கொண்டு நாஷ்வில் திரும்பிக்கொண்டிருந்தார். இடி மழையில் விமானம் விழுந்தது. உடன் வந்த பியானோ கலைஞர் டீன் மேனுவலும் இறந்தார். காட்டுப்பகுதியில் விமானத்தைக் கண்டுபிடிக்கவே 2 நாள் ஆனது. ரீவ்ஸுக்கு 41 வயது நிறைய இன்னும் 20 நாள் இருந்தது.

இப்போது அந்தப் பாட்டுக்கு வருவோம். போருக்குப் புறப்படும் ஒருவன், தூரத்தில் முரசு கேட்கிறது, நேரமில்லை, இப்போதே கல்யாணம் செய்துகொள்வோம் என்று காதலியிடம் கெஞ்சுகிறான். எழுதியவர் சிண்டி வாக்கர். ரீவ்ஸ் அதைக் கடைக்குப் போகும் ரெக்கார்டாகப் பாடவில்லை. வாக்கருக்காகப் பாடிக்கொடுத்த மாதிரிப் பதிவு அது. அவர் இறந்த பிறகு அதன் மேல் ஆர்கெஸ்ட்ரா சேர்த்து வெளியிட்டார்கள். வியட்நாம் போர் உச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நேரம். வழியனுப்பி வைத்த வீடுகளுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

எண்களோடு மல்லுக்கட்டுவதுதான் என் வேலை, அதனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அமெரிக்காவிலேயே இது கன்ட்ரி பட்டியலில்தான் நம்பர் 1, பாப் பட்டியலில் 45-ஐத் தாண்டவில்லை. பாப் பட்டியலில் இதை உச்சிக்குக் கொண்டுபோனது கடல் கடந்த ஊர்.

பாட்டில் வரும் காதலியின் பெயர் மேரி. ரீவ்ஸின் மனைவி பெயரும் மேரிதான். தற்செயல், அவ்வளவே. ஆனால் கணவர் விட்டுப்போன டேப்புகளைப் பல வருடம் பாதுகாத்து, ஒவ்வொன்றாக வெளிவரச் செய்தவர் அந்த மேரி.

'லால் சலாம்' படத்தில் மறைந்த பாடகர்களின் குரலை ஏ.ஐ. மூலம் கொண்டுவந்தபோது, இது சரியா என்று நாம் எவ்வளவு விவாதித்தோம்! 1981-ல் ஏ.ஐ. எல்லாம் கிடையாது. ரீவ்ஸின் பழைய டேப்பையும், 1963-ல் இன்னொரு விமான விபத்தில் இறந்த பாட்ஸி கிளைனின் டேப்பையும் ஒட்டி ஒரு டூயட் தயாரித்தார்கள். உயிரோடு இருந்தபோது இருவரும் சேர்ந்து அந்தப் பாட்டைப் பாடியதே இல்லை. அதுவும் ஹிட்.