திருநீலகண்டக் குயவனார்

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய ஏலமலையின் கீழைச் சாரலில் போடிநாயக்கனூர் அமைந்துள்ளது. மலைச்சரிவுகளில் விளையும் ஏலக்காய் இவ்வூர்க்கு வந்து விலைபோகி நாற்றிசைக்கும் செல்லும். ஆயினும், அம்மலையினின்று இறங்கி வருவது ஏலம் ஒன்றே அன்று. மழை பெய்யுங்கால் சரிவுகளில் ஓடும் நீர், நுண்ணிய மண்ணை அரித்துக் கொணர்ந்து, கொட்டகுடி ஆற்றின் வழியும் ஓடைகளின் வழியும் கண்மாய்களிற் சேர்க்கும். நீர் வற்றிய காலத்தில் அங்கே படிந்து கிடக்கும் வண்டலும் களியுமே குயவர்க்குச் செல்வம். ஏலத்திற்கு விலை கூறுவோர் பலர்; காலடியிற் கிடக்கும் களிமண்ணைப் பொருளெனக் கருதுவோர் சிலரே. அக்களிமண்ணை வனைந்து வாழ்ந்த ஒருவர், மன்னரும் வணங்கும் அடியார் வரிசையில் இடம்பெற்றார். அவரே திருநீலகண்டக் குயவனார்.

குயத்தொழில் தமிழகத்தில் மிகப் பழமையானது. சங்கச் சான்றோர் குயவரைக் கலஞ்செய் கோ என்றும் வேட்கோ என்றும் பெருமைபட அழைத்தனர். கரிகாலன் காலத்து வெண்ணிப் போரைப் பாடிய வெண்ணிக்குயத்தியார் இக்குலத்திற் பிறந்த புலவரே. மண்கலம் வனைதல் காண்பார்க்கு எளிதாகத் தோன்றும். செய்வார்க்கே அதன் அருமை புலப்படும். கொணர்ந்த களிமண்ணை உலர்த்தி, கட்டிகளை உடைத்து, கல்லும் வேரும் களைதல் வேண்டும். பின்னர் நீரில் ஊறவைத்து, கலம் உலருங்கால் வெடியாதிருக்க நுண்மணல் சேர்த்து, காலால் மிதித்துக் கையாற் பிசைதல் வேண்டும். பதமான மண்ணைத் திகிரியின் நடுவில் வைத்துக் கோலால் சுழற்றினால், குயவன் கைவிரல்களுக்கிடையே கலம் வளர்ந்து எழும். அதனை நூலால் அறுத்தெடுத்துச் சிறிது உலரவிட்டு, உள்ளே உருண்டைக்கல்லைத் தாங்கிப் புறத்தே பலகையால் தட்டி அடிப்பகுதியை உருவாக்குவர். நிழலில் உலர்த்தி, செம்மண் குழம்பு பூசி, சூளையில் அடுக்கி, வைக்கோலும் சுள்ளியும் வறட்டியும் இட்டுச் சுடுவர். ஈரம் எஞ்சிய கலம் நெருப்பில் வெடித்துவிடும். வேகாத கலம் நீரிற் கரைந்துவிடும். ஆகவே, பொறுமையும் நேர்மையும் இல்லாதவர்க்கு இத்தொழில் கைகூடாது.

இத்தகைய தொழிலை மேற்கொண்டு தில்லையம்பதியில் வாழ்ந்தவர் நம் குயவனார். கூத்தப்பெருமானிடத்தும் அவனடியாரிடத்தும் அவர் பேரன்பு பூண்டிருந்தார். கலங்கள் விற்ற பொருளால் இல்லறம் நடத்தினார். உண்ணவும் இரக்கவும் கையில் ஓடு ஏந்தும் சிவனடியார்க்கு மட்டும் தாம் வனைந்த திருவோட்டை விலையின்றி வழங்கினார். உலகம் உய்ய நஞ்சுண்ட இறைவனது கழுத்தின் பெயராகிய திருநீலகண்டம் என்னும் சொல் அவர் நாவில் இடையறாது ஒலித்தது. அதனால் அதுவே அவர்க்குப் பெயராக வழங்கலாயிற்று.

இவ்வாறு வாழ்ந்த அவர், இளமையின் மயக்கத்தால் ஒருகால் இல்லறநெறியினின்று வழுவிப் பரத்தை ஒருத்தியின் இல்லஞ் சென்று மீண்டார். கற்பிற் சிறந்த அவர் மனைவியார் அதனை அறிந்து உள்ளம் வெதும்பினார். வீட்டுக்குரிய கடமைகளில் ஒன்றும் குறைவின்றிச் செய்தார்; கணவரோடு கூடி வாழ்தலை மட்டும் ஒழித்தார். ஒருநாள் குயவனார் அவர் ஊடலைத் தீர்க்கக் கருதித் தீண்ட முற்பட்டபோது, எம்மைத் தீண்டலாகாது எனத் திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டார் அம்மையார்.

அச்சொல் கேட்ட குயவனார் இடியோசை கேட்டவர்போல் விலகி நின்றார். தாம் நாள்தோறும் போற்றும் திருப்பெயரே தம்மைத் தடுத்து நிற்பதை உணர்ந்தார். அம்மையார் தம்மை மட்டுங் கூறாது எம்மைப் பன்மையாற் கூறினமையின், அவ்வாணை பெண்ணினம் அனைத்திற்கும் உரியதெனக் கொண்டார். மற்றை மாதரையும் மனத்தினாலும் தீண்டேன் என உறுதி பூண்டார். ஆணையைத் தளர்த்த வழி தேடும் உலகில், அதனைத் தம்மேல் இன்னும் இறுக்கிக்கொண்ட பெருமை அவருடையது. அன்று முதல் இருவரும் ஒரே சிறுமனையில், ஒருவரை ஒருவர் தீண்டாமல், தம் நிலையை அயலார் அறியாவண்ணம் வாழ்ந்தனர். ஆண்டுகள் பல கழிந்தன. திகிரி சுழற்றிய கைகள் தளர்ந்தன, உடல் மூத்தது, உறுதி மட்டும் மூக்கவில்லை.

அவர்தம் பெருமையை உலகறியச் செய்ய இறைவன் திருவுளங் கொண்டான் எனச் சேக்கிழார் கூறுவர். சிவயோகியின் வடிவில் குயவனார் மனைக்கு எழுந்தருளி, ஓர் ஓட்டை அவர் கையில் தந்து, அது பொன்னினும் மணியினும் அரியதென உரைத்து, தான் கேட்கும்போது தருமாறு அடைக்கலமாக வைத்துச் சென்றான். குயவனார் அதனைப் பாதுகாவலான இடத்தில் வைத்துப் போற்றினார். நெடுநாட் கழித்து யோகி மீண்டும் வந்து தன் ஓட்டைக் கேட்டான். சென்று பார்த்த குயவனார் திடுக்கிட்டார். வைத்த இடத்தில் ஓடு இல்லை. வீடு முழுதும் தேடியும் கிடைக்கவில்லை. இறைவனே அதனை மறைத்துவிட்டான்.

வாழ்நாளெல்லாம் அடியார்க்கு ஓடு வழங்கியவர் ஓர் ஓட்டுக்காகத் தலைகுனிந்து நின்றார். அதனினும் சிறந்த புதிய ஓடு ஒன்று தருவதாக வேண்டினார். யோகியோ பொன்னால் ஓடு செய்து தரினும் கொள்ளேன், தந்த ஓடே வேண்டும் என்றான். மேலும் அவர்மீது களவுப்பழி சுமத்தி, உண்மையாயின் மகனைக் கைப்பற்றிக் குளத்தில் மூழ்கி உறுதி கூறுக என்றான். மகன் இல்லை என்றார் குயவனார். அங்ஙனமாயின் மனைவியின் கையைப் பற்றி மூழ்குக என்றான் யோகி. இஃதும் தமக்கு இயலாதென்றார் அவர். காரணத்தைக் கூற நா எழவில்லை.

வழக்கு தில்லைவாழ் அந்தணர் அவையை அடைந்தது. அவையோரும் மனைவியின் கைபற்றி மூழ்குதலே முறையென முடிவு கூறினர். குயவனார் மனைவியாரோடு திருப்புலீச்சரத்துக் குளத்தை அடைந்தார். ஒரு மூங்கிற்கோலின் ஒரு முனையைத் தாமும் மறுமுனையை மனைவியாரும் பற்றிக்கொண்டு நீரில் இறங்கினார். யோகி அதற்கும் உடன்படாது தடுத்து, கையையே பற்றுதல் வேண்டும் என்றான்.

இப்போது அவர்முன் இரண்டே வழிகள் இருந்தன. ஆணையை மறந்து மனைவியின் கையைப் பற்றினால் களவுப்பழி நீங்கும். ஊரார் ஐயமும் தீரும். ஆணையைக் காத்தால் இத்தனை ஆண்டுகள் மறைத்துவைத்த தம் குற்றத்தைப் பலர்முன் தம் வாயாலேயே கூறுதல் வேண்டும். குயவனார் இரண்டாவது வழியையே தேர்ந்தார். இளமையில் தாம் செய்த பிழையையும் மனைவியார் இட்ட ஆணையையும் கரையில் நின்றோர் அனைவரும் கேட்க ஒளியாது உரைத்தார். உரைத்துவிட்டு மனைவியாரோடு நீரில் மூழ்கினார். எழுந்தபோது இருவரும் மூப்பு நீங்கி இளமை பெற்று விளங்கினர். யோகியைக் காணவில்லை, உமையம்மையோடு விடைமேல் தோன்றிய பெருமான், இவ்விளமை நீங்காது எம்மிடத்தில் இருப்பீராக என அருள்புரிந்தான். அத்திருக்கோயில் இளமையாக்கினார் கோயில் என்னும் பெயரோடு சிதம்பரத்தில் இன்றும் விளங்குகின்றது.

8ஆம் நூற்றாண்டினராகிய சுந்தரர், திருத்தொண்டத்தொகையில் தில்லைவாழ் அந்தணரை முதலிற் போற்றி, அவரை அடுத்தே இக்குயவனாரைப் போற்றினார். 12ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்க சோழனின் அமைச்சராயிருந்த சேக்கிழார், அவர் வரலாற்றைப் பெரியபுராணத்தில் விரித்துரைத்தார். அவையில் அமர்ந்தவரும் அவைமுன் நின்றவரும் ஒரே வரிசையில் வணங்கப் பெறுகின்றனர். பிறப்பும் தொழிலும் பெருமைக்குத் தடையாகா என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பச்சைமண் கலத்தில் உள்ள குறை சூளையில் வெளிப்பட்டே தீரும். மாந்தர் வாழ்வும் அத்தகையதே. குயவனார் வாழ்விலும் ஒரு குறை இருந்தது. அதனை அவர் மறுக்கவில்லை, பிறர்மேல் ஏற்றவில்லை, தம் சொல்லைக் காத்து, உரிய காலத்தில் உண்மையை உரைத்து, அக்குறையினின்று நீங்கினார். ஏலமலைச் சாரலிலாயினும் தில்லையிலாயினும், மண் ஒன்றே. அதனைக் கலமாக்குவது கையின் திறம். மாந்தனைச் சான்றோனாக்குவது வாய்மையின் திறம் ஆகும்.