தமிழில் மருத்துவர்களை உருவாக்கிய டொக்டர் கிறீன்

பொருளாதார நெருக்கடி உச்சம் கண்ட 2022ஆம் ஆண்டின் பின்னர் இலங்கையிலிருந்து பெருந்தொகையான வைத்தியர்கள் வெளிநாடு சென்றுள்ளனர். நகரத்துப் பெரிய வைத்தியசாலை இந்த இழப்பை ஓரளவு தாங்கிக்கொள்ளும். தீவகத்திலோ வன்னியிலோ ஒரே ஒரு வைத்தியரை நம்பியிருக்கும் சிறிய வைத்தியசாலையால் அது இயலாது. படித்து முடித்த வைத்தியரை, அவரை மிக வேண்டி நிற்கும் மக்களிடையே நிலைத்திருக்கச் செய்வது எவ்வாறு என்ற கேள்வி இன்று பலமாக எழுந்துள்ளது. இக்கேள்வி புதியதன்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே மானிப்பாயில் இருந்து இதற்கு விடை தேடியவர் டொக்டர் சாமுவேல் பிஷ் கிறீன்.

கிறீன் 1822ஆம் ஆண்டு ஒக்டோபர் 10ஆம் திகதி அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில் பிறந்தவர். ஆறுமுக நாவலர் நல்லூரில் பிறந்ததும் அதே ஆண்டிலேயே. சமயத்தில் எதிரெதிர்த் திசைகளில் நின்ற இருவரும் தமிழ் உரைநடையை அறிவின் கருவியாக்கியதில் ஒன்றுபடுகின்றனர். நியூயோர்க்கில் மருத்துவம் பயின்று 1845இல் பட்டம் பெற்ற கிறீனுக்கு அந்நகரிலேயே வளமான வாழ்வு காத்திருந்தது. அவரது தமையனார் அன்ட்ரூ கிறீன், பிற்காலத்தில் நியூயோர்க் மாநகரின் விரிவாக்கத்துக்கு வழிவகுத்தவர் எனப் போற்றப்படுபவர். தம்பியாரோ 1847இல், தமது 25ஆவது வயதில், யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்.

அமெரிக்க மிஷன் 1816ஆம் ஆண்டிலிருந்தே குடாநாட்டில் இயங்கிவந்தது. பண்டத்தரிப்பில் டொக்டர் ஜோன் ஸ்கடர் முன்னரே மேலைத்தேய வைத்தியம் செய்திருந்தார். கிறீன் மானிப்பாயைத் தமது நிலையமாகக் கொண்டார். நோயாளர் தொகை பெருகியது. வைத்தியரோ ஒருவர். தாம் ஒருவரே ஓடியோடிச் சிகிச்சை அளிப்பதால் ஒரு நாட்டின் தேவை நிறைவேறாது என்பதை அவர் விரைவிலேயே உணர்ந்தார். 1848இல் சில உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். இலங்கையில் மேலைத்தேய மருத்துவம் முறையாகக் கற்பிக்கப்பட்ட முன்னோடி நிலையம் அதுவே. கொழும்பு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது அதற்கு 22 ஆண்டுகள் கழித்து, 1870இல்தான்.

அவ்வகுப்பு ஆங்கிலத்திலேயே நடைபெற்றது. மாணவர்கள் திறமையாகவே பயின்றனர். ஆனால் ஆங்கிலமும் மருத்துவமும் கைவந்தவருக்கு அரசாங்க உத்தியோகமும் வெளியூர்ச் சம்பளமும் காத்திருந்தன. கிராமத்துக்கென உருவாக்கப்பட்டவர்கள் கிராமத்தில் தங்கவில்லை. இவ்விடத்தில் வேறொருவராயின் மாணவர்களைக் குறைகூறி அமைந்திருப்பார். கிறீன் தமது பயிற்சி முறையையே மாற்றத் துணிந்தார். 1857இல் தாயகம் சென்று, மணமுடித்து 1862இல் திரும்பிய பின்னர், மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கலானார். தம் மொழியில் கற்றவர் தம் மக்களிடையே வாழ்வார் என்பதே அவரது கணிப்பு. மாணவர்கள் ஐரோப்பியரைப்போல் உடுத்துவதையும் அவர் விரும்பவில்லை. உடையாலும் பழக்கவழக்கத்தாலும் நோயாளியிடமிருந்து அந்நியப்பட்ட வைத்தியரிடம் கிராமத்தவர் மனந்திறந்து பேசமாட்டார் என்பதை அவர் அறிந்திருந்தார்.

தமிழில் கற்பிக்க நூல்கள் வேண்டுமே. மனித உடல் பற்றிய கட்டரின் நூல் 1852இலேயே தமிழாகியிருந்தது. 1857இல் பிரசவ வைத்தியம் வெளிவந்தது. மருத்துவிச்சியின் அனுபவம் ஒன்றையே நம்பிப் பிள்ளைப்பேறு நிகழ்ந்துவந்த ஒரு சமூகத்தில் அந்நூலின் பெறுமதி எளிதில் விளங்கும். தொடர்ந்து 1867இல் இரண வைத்தியம், 1872இல் மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும், 1875இல் கெமிஸ்தம், 1883இல் மனுஷ சுகரணம் என்பன வந்தன. மொத்தம் 4,000க்கும் மேற்பட்ட பக்கங்கள். மாணவர்களும் இம்மொழிபெயர்ப்பில் பங்கேற்றனர் என்பது குறிப்பிடத்தக்கது. கலைச்சொல்லாக்கத்திலும் அவரிடம் ஒழுங்கு இருந்தது. முதலில் தமிழில் தேடினார். அங்கு கிடைக்காதபோது வடமொழியை நாடினார். அதுவும் உதவாதவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு இசைவித்தார். கெமிஸ்தம் என்ற பெயரே இதற்குச் சான்று.

1866, 1867ஆம் ஆண்டுகளில் வாந்திபேதி குடாநாட்டைச் சூறையாடியபோது இப்பயிற்சியின் பயன் வெளிப்பட்டது. கிறீனும் அவரிடம் பயின்றவர்களும் மக்களுக்குச் சிகிச்சை அளித்தனர். அவர் பயிற்றிய வைத்தியர்கள் 60க்கும் மேற்பட்டோர். அவர்களுள் ஏறத்தாழ அரைவாசிப் பேர் தமிழிலேயே பயின்றவர்கள்.

கிறீன் சமயம் பரப்ப வந்தவர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அவரே அதை மறைத்தவரல்லர். உடல்நலம் குன்றி 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் வூஸ்ரரில் இருந்தபடியே தமிழ் மருத்துவ நூல்களைத் தொடர்ந்து உருவாக்கிய அவர், 1884ஆம் ஆண்டு மே 28ஆம் திகதி காலமானார். தமது கல்லறைக் கல்லில், தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்ற குறிப்பு இடம்பெற வேண்டுமெனக் கேட்டுக்கொண்டார். மதமாற்ற முயற்சியை ஏற்காதவர்களும் அவரது தமிழ்ப் பணியை மறுக்க இயலாது. மானிப்பாயில் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை இன்றும் அவர் பெயரைச் சுமந்து நிற்கிறது.

ஆனால் அவரது தமிழ்வழி மருத்துவக் கல்வி அவருக்குப் பின் நீடிக்கவில்லை. ஆங்கிலமே பதவிக்கும் அங்கீகாரத்துக்கும் வாயிலாயிற்று. அவர் அரும்பாடுபட்டு ஆக்கிய நூல்கள் நூலகங்களுக்குள் ஒதுங்கின.

இன்று மருத்துவக் கல்வியை முழுமையாகத் தமிழுக்கு மாற்றுமாறு நாம் கோரவில்லை. உலகளாவிய அறிவு ஆங்கிலத்தில் நாளும் பெருகுகிறது. ஆனால் நோயாளி தன் வலியைச் சொல்லும் மொழி தமிழே. நெடுந்தீவு மீனவருக்கும், 1990இல் வெளியேற்றப்பட்டுப் பல்லாண்டுகளின் பின் சோனகத் தெருவுக்குத் திரும்பிய முஸ்லிம் தாய்க்கும் அது பொதுவானது. 1978இல் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் சமுதாய, குடும்ப மருத்துவத்துக்கென ஒரு துறை இருப்பது நல்வாய்ப்பு. நோயாளியைக் குடும்பத்தோடும் ஊரோடும் சேர்த்து நோக்கும் அம்மருத்துவத்துக்கான பயிற்சி, பெரிய வைத்தியசாலையின் வாட்டுகளோடு நில்லாது தீவகத்துக்கும் வன்னிக்கும் மீள்குடியேறிய கிராமங்களுக்கும் செல்ல வேண்டும்.

வைத்தியர் ஊரில் தங்காததற்கு அவரது மனச்சாட்சியை மட்டும் குறைகூறுவது எளிது. அவரை எங்கே, யாருக்காக, எம்மொழியில் பயிற்றுகிறோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வது கடினம். அக்கேள்வியை முதலில் தம்மிடமே கேட்டு, விடையின்படி தம்மை மாற்றிக்கொண்டவர் கிறீன். அவரை நாம் நினைவுகூர வேண்டியது அதற்காகவே.