ஏழாவது வார்டின் கதவுகளைத் தட்டிய டு பாய்ஸ்

ஒடுக்கப்பட்டோர் குடியிருப்புகளைப் பற்றி எழுதப்படும் அறிக்கைகள் பெரும்பாலும் குறைகளின் பட்டியலாகவே அமைகின்றன: கல்வியின்மை, குடி, குற்றம், கடன். வழக்குகளின் பொருட்டு அவற்றைப் படிக்கும் நாம், ஒரு கேள்வி மட்டும் விடுபட்டிருப்பதை மீண்டும் மீண்டும் காண்கிறோம். இம்மக்கள் தமக்குள் எவ்வகை அமைப்புகளைக் கட்டி வாழ்கின்றனர்? சமூக அமைப்பு குறித்த இக்கேள்வியைக் கறுப்பின மக்களிடம் 1896இலேயே எடுத்துச் சென்றவர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ்.

1868இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்த அவர், பிஸ்க், ஹார்வர்ட், பெர்லின் பல்கலைக்கழகங்களில் பயின்றார். 1895இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார். இத்தனை தகுதியும் அவருக்கு வெள்ளையர் பல்கலைக்கழகம் எதிலும் பேராசிரியர் பணியைப் பெற்றுத் தரவில்லை.

பிலடெல்பியா நகரின் ஏழாவது வார்டில் வாழ்ந்த கறுப்பின மக்களை ஆராயும்படி பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. கிடைத்ததோ சமூகவியல் உதவியாளர் என்ற தற்காலிகப் பொறுப்பு. பாடம் நடத்தும் உரிமையில்லை. நகரின் சீர்கேட்டுக்குக் கறுப்பினத்தவரே காரணம் என்ற முன்முடிவு அந்த ஆய்வின் பின்னணியில் இருந்ததாக அவர் கருதினார். மணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்த மனைவி நீனாவுடன் அந்த வார்டிலேயே குடியேறி, வினாத்தாளைக் கையிலேந்தி ஏறத்தாழ 2,500 குடும்பங்களைத் தாமே நேரில் சந்தித்தார். கற்றோர் சிலர் வந்து ஆராய்வதை அம்மக்களும் ஐயத்தோடுதான் நோக்கினர். அந்த ஐயம் நியாயமானதே.

1899இல் வெளிவந்த நூல் வறுமையையும் குற்றத்தையும் மறைக்கவில்லை. ஆயினும் அதன் ஆற்றல் வேறிடத்தில் உள்ளது. நோயிலும் சாவிலும் துணைநின்ற உதவிச் சங்கங்கள், சகோதரத்துவ அமைப்புகள், வீடு வாங்கக் கடன் தந்த சங்கங்கள் ஆகியவற்றை அது ஒவ்வொன்றாக ஆராய்ந்தது. திருச்சபையை வழிபாட்டிடமாக மட்டும் அது பார்க்கவில்லை. செய்தி பரவும் இடமாகவும், தலைமை உருவாகும் இடமாகவும், ஏழைக்கு உதவி கிட்டும் இடமாகவும் கண்டது. 1787இலேயே ரிச்சர்ட் ஆலனும் அப்சலோம் ஜோன்ஸும் அந்நகரில் நிறுவிய சுதந்திர ஆப்பிரிக்கர் சங்கம் வரை இம்மரபின் வேர் செல்கிறது. தொழிற்சங்கங்கள் கதவடைத்ததும் வேலைகள் மறுக்கப்பட்டதும் அதே நூலில் பதிவாயின. சீர்குலைவாகத் தோன்றியதன் ஒரு பகுதி வெளியிலிருந்து திணிக்கப்பட்டது என்பது இவ்வாறு புலனாயிற்று.

குறையும் உண்டு. மக்களை நான்கு தரங்களாகப் பிரித்தபோது, கடைத்தரத்தாரை மேட்டுக்குடி ஒழுக்கத்தின் அளவுகோலால் அவர் எடைபோட்டார். இதை நாம் ஏற்பதற்கில்லை.

1897 முதல் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் இத்தகைய ஆய்வுகளை ஆண்டுதோறும் நடத்தினார். 1899 ஏப்ரலில் ஜார்ஜியாவில் சாம் ஹோஸ் என்ற கறுப்பினத் தொழிலாளியை வெள்ளையர் கும்பல் சித்திரவதை செய்து எரித்துக் கொன்றது. புள்ளிவிவரங்களோடு அமைதியாக அமர்ந்திருக்க முடியாது என்ற எண்ணம் அவருள் உறுதிப்பட்டது. ஆராய்ந்தவர் அமைப்பாளரானார்: 1905இல் நயாகரா இயக்கம், 1909இல் கறுப்பின முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம், 1910 முதல் கால் நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவாக அச்சங்கத்தின் 'கிரைசிஸ்' இதழ்.

அண்ணல் அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரை, அகமணத்தின் வழியே சாதி தன்னை எவ்வாறு அமைத்துக்கொள்கிறது என்பதை விளக்கியது. ஒடுக்குமுறையும் ஓர் அமைப்பே என்ற பார்வையில் இருவரும் நெருங்கியவர்கள். 1946இல் ஐ.நா. சபைக்குக் கறுப்பின மக்கள் அளித்த மனுவின் படிகளைக் கேட்டு அம்பேத்கர் அவருக்குக் கடிதம் எழுத, டு பாய்ஸ் பரிவோடு பதிலளித்தார்.

இதற்கிடையே, நகர்ப்புறச் சமூகவியலின் முன்னோடிகள் என்ற பெயரை 1920களின் சிகாகோ அறிஞர்கள் பெற்றிருந்தனர். டு பாய்ஸ் 1963 ஆகஸ்ட் 27 அன்று கானாவில் மறைந்தார். பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவப் பேராசிரியர் தகுதியை வழங்கிய ஆண்டு 2012.