மெய்யும் போலியும் கண்ட கலாயோகி

மாளிகையொன்றிலிருந்து அரிய ஓவியம் ஒன்று களவு போகும். அதனிடத்தில், காண்போர் கண் மயங்குமாறு தீட்டிய போலியொன்று தொங்கும். துப்பறிவாளர் பூதக்கண்ணாடியுடன் வந்து நோக்குவார். ஈற்றில், ஓவியத்தை மதிப்பிட வந்த நிபுணரே கள்வர் என்பது வெளிப்படும். இத்தகைய பழைய திரைப்படங்களை நம் மாணவர் இன்றும் விரும்பிப் பார்க்கின்றனர். ஆயினும் இக்கதை தமிழர்க்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தில் அரசியின் சிலம்பைக் கவர்ந்த பொற்கொல்லனே, கள்வனைக் கண்டேன் என்று அரசன் முன் வந்து நின்றான். இரு சிலம்புகளும் புறத்தே ஒத்திருந்தன. உடைத்தபோதுதான் முத்து வேறு, மாணிக்கம் வேறு என்பது புலனாயிற்று. வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலுக்கு அயலதாகிய முள்ளியவளையில் தமிழ் கற்பிக்கும் எனக்குப் போலியைப் பற்றி எண்ணுந்தோறும் அச்சிலம்பு நினைவுக்கு வரும். அதனை அடுத்து நினைவுக்கு வருபவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி.

அவர் 1877ஆம் ஆண்டு ஓகஸ்ட் 22ஆம் நாள் கொழும்பு, கொள்ளுப்பிட்டியிற் பிறந்தார். தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி, இங்கிலாந்து சென்று பாரிஸ்டரானவர். அரிச்சந்திரன் கதையை 1863இல் ஆங்கிலத்தில் வெளியிட்டவர். தாயார் எலிசபெத் ஆங்கிலப் பெண்மணி. குழந்தைக்கு இரண்டு வயது நிரம்புமுன் தந்தையார் மறைந்தார். பொய்யுரையாத மன்னனின் கதையை ஆங்கிலேயர்க்கு அறிவித்தவரின் மைந்தன், தந்தையின் குரலையும் அறியாது இங்கிலாந்தில் வளர்ந்தான். அங்கு அவர் கற்றது கலையன்று. நிலவியலும் தாவரவியலும் ஆகும்.

1903ஆம் ஆண்டிலிருந்து மூன்றாண்டு காலம் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராக அவர் பணியாற்றினார். இரத்தினக்கற்கள் கிடைக்கும் சரளை மண்ணிற் கறுத்துக் கனத்த சிறு மணிகள் சில அகப்பட்டன. அவற்றை முன்பே அறியப்பட்ட யுரேனினைற்று என்றே தொடக்கத்திற் கருதினர். இலண்டனிற் பகுத்தாய்ந்தபோது, அவை தோரியம் மிகுந்த புதிய கனிப்பொருள் என்பது தெளிவாயிற்று. அதற்குத் தோரியனைற்று என்று பெயரிட்டனர். புறத்தோற்றத்தை நம்பாது உள்ளீட்டை ஆராயும் இப்பயிற்சியே பின்னாளிற் கலையாராய்ச்சியில் அவருக்குக் கைகொடுத்தது என்பது என் துணிபு.

கல்லைத் தேடி ஊரூராய்த் திரிந்தவர் கண்ணிற் கைவினைஞரும் பட்டனர். கண்டிப் பகுதியின் தச்சர், கொல்லர், சித்திரகாரர் ஆகியோரின் தொழில்கள் இறக்குமதிப் பண்டங்களின் முன் நலிவதைக் கண்டு வருந்தினார். அவர்களிடம் கேட்டறிந்தவற்றை இடைக்காலச் சிங்களக் கலை என்னும் பெருநூலாக்கினார். வில்லியம் மொரிசின் பழைய அச்சுப்பொறியிலேயே அதனை அச்சிடுவித்து, 425 படிகளாக 1908இல் வெளியிட்டார். அக்கைவினைஞர் தந்தை வரைந்த கொடியையே தாமும் வரைந்தனர். அதன்கீழ்ப் பெயர் பொறிக்கவில்லை. அதனைக் களவென்று ஒருவரும் கூறவில்லை. மரபுவழிக் கலையிற் செய்தவன் பெயர் பெரிதன்று, செய்பொருளின் செம்மையே பெரிது என்பது குமாரசுவாமி வாழ்நாள் முழுவதும் வலியுறுத்திய கொள்கையாயிற்று.

பெயரே விலையாகும் சந்தையில் நிகழ்வது வேறு. ஒல்லாந்து தேசத்து ஓவியர் ஹான் வான் மேகரன், தாம் தீட்டிய படங்களைப் பதினேழாம் நூற்றாண்டின் வெர்மீருடையவை என விற்றுப் பெரும்பொருள் ஈட்டினார். அவற்றுள் ஒன்று ஜேர்மனிய நாசித் தலைவர்களுள் ஒருவரான கோரிங்கின் கைக்குச் சென்றது. 1945இல், தேசத்தின் செல்வத்தைப் பகைவர்க்கு விற்றார் என்ற குற்றச்சாட்டிலிருந்து தப்பும்பொருட்டு, அது தம் கைவேலையே என்று அவர் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. காவலர் பார்த்திருக்க மற்றொரு போலியை வரைந்தும் காட்டினார். 1947 நவம்பரில் தண்டனை பெற்று, அவ்வாண்டு டிசம்பரில் இறந்தார். 1960களின் பிற்பகுதியில், அப்படங்களின் வெண்ணிறத்திலுள்ள ஈயத்தின் கதிரியக்கத்தை அளந்து, அவை அண்மைக்காலத்தவை என்று அறிவியலாளர் உறுதிசெய்தனர். அங்கும் உண்மையை உரைத்தது உள்ளீடே.

குமாரசுவாமியின் பெரிய துப்பறிவு ஓவியத் துறையிலேயே நிகழ்ந்தது. 1910-11இல் அலகபாத்தில் நிகழ்ந்த பொருட்காட்சியின் கலைப்பகுதியை ஒழுங்குசெய்தபோது, வடநாடெங்கும் அலைந்து சிற்றோவியங்களைச் சேர்த்தார். அவற்றையெல்லாம் முகலாயச் சித்திரம் என்ற ஒரே பெயரால் அக்காலத்து அறிஞர் வழங்கினர். அவரோ கருப்பொருளையும் கோட்டின் ஓட்டத்தையும் நிறத்தின் இயல்பையும் ஒப்புநோக்கினார். அரசவை வாழ்வைக் காட்டும் முகலாய மரபு வேறு. கண்ணன் கதையையும் இராகமாலையையும் பாடும் இராசபுத்திர மரபு வேறு என்று பிரித்துக் காட்டினார். இராசபுத்திர ஓவியம் பற்றிய அவருடைய நூல் 1916இல் இரு தொகுதிகளாக வெளிவந்தது. பிறர் பெயரின்கீழ் மறைந்து கிடந்த ஓவிய மரபொன்று தன் பெயரைப் பெற்றது.

இனிக் கூறப்போவது அவரைப் போற்றுவோர் பலர் விரைந்து கடந்துசெல்லும் பகுதி. தம் ஓவியத் தொகுதியைக் காசியில் தேசிய அரும்பொருட்சாலை ஒன்றுக்கு அளிக்க அவர் விரும்பினார். அதற்கு வேண்டிய ஆதரவு கிடைக்கவில்லை. 1917இல் அத்தொகுதி அமெரிக்காவின் பொஸ்டன் கலைக்கூடத்தைச் சேர்ந்தது; அவரும் அதன் காப்பாளராகச் சென்றார். அவ்வோவியங்கள் களவாடப்பட்டவையல்ல. எனினும் தீட்டிய மண்ணினின்று கடல் கடந்து போயின. குற்றம் கொண்டுசென்றவரதா, வேண்டாவென்று கைவிட்டவர்களதா என்று கேட்டால், கைவிட்டவர்கள் பக்கமே பெரும்பங்கைச் சாற்றுவேன். ஆயினும் கேள்வி முற்றாகத் தீர்ந்துவிட்டது என்று கூறேன்.

கூத்தப்பிரான் திருநடனம் பற்றிய அவருடைய கட்டுரை 1912இல் சித்தாந்த தீபிகையில் வெளிவந்தது. 1918இல் நியூயோர்க்கில் வெளியான நூலுக்கும் அதுவே பெயர் தந்தது. மேனாட்டார் நடராசர் திருமேனியைப் பணிவோடு நோக்கக் கற்றதில் அக்கட்டுரைக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் மதிப்பு உயர்ந்த இடத்தில் விலையும் உயர்ந்தது. விலை உயர்ந்த இடத்திற் கள்வரும் தோன்றினர். தஞ்சைப் பகுதியிலுள்ள சிவபுரத்தில் 1951இல் நிலத்தடியிலிருந்து வெளிப்பட்ட நடராசரைப் பழுதுபார்க்கக் கொடுத்தனர். கோயிலுக்கு மீண்டு வந்தது புதிதாக வார்த்த போலி. அது போலியென்பதை 1965இல் ஆங்கில அறிஞரொருவர் வெளிப்படுத்தினார். மெய்யான திருமேனியை அமெரிக்கச் செல்வர் நொட்டன் சைமன் 9 இலட்சம் டொலருக்கு வாங்கியிருந்தார். வழக்குத் தொடுத்து, 1976இல் உடன்பாடு கண்டு, 1986இல் இந்தியா அதனை மீளப் பெற்றது.

இதிற் குமாரசுவாமியின் கொள்கை பிழைத்ததா? இல்லை, அது தெளிவு பெறுகின்றது. ஆகமமுறைப்படி புதிய நடராசரை வார்ப்பது குற்றமன்று. ஆயிரம் ஆண்டுகளாகச் சிற்பியர் செய்துவருவது அதுவே. அதனைப் பழையதென்று கூறிப் பீடத்தில் நிறுத்தியதே குற்றம். கலைஞன் தன் பெயரை எழுதாது விடுதல் அடக்கம். பிறன் பெயரை எழுதுதல் களவு.

நம் ஏட்டுச்சுவடிகளும் இதனையே கற்பிக்கின்றன. ஏட்டைப் பார்த்துப் படியெழுதியோர் இல்லையேல் நமக்குச் சங்கநூல்கள் இல்லை. படியெழுதியவன் கள்வனல்லன், தன் பாட்டைப் புலவன் பாட்டாக நடுவே புகுத்தியவனே போலிசெய்தவன். அதனை நாம் இடைச்செருகல் என்கின்றோம். நம் சி. வை. தாமோதரம்பிள்ளை ஏடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்தபோது செய்ததும் ஒருவகைத் துப்பறிவே.

குமாரசுவாமி 1947 செப்ரெம்பர் 9ஆம் நாள் அமெரிக்காவில் மறைந்தார். அவர் சேர்த்த ஓவியங்கள் பொஸ்டனிற் பேணப்பட்டுள்ளன. வன்னியில் வாழும் நாமோ 2009இல் முடிந்த போரில் ஏடுகளையும் படங்களையும் வீடுகளோடு இழந்தோம். எஞ்சியவற்றை இப்போதே படியெடுத்தல் வேண்டும். அவ்வாறு செய்யும் மாணவர்க்கு நம் முன்னோர் வழியொன்று வகுத்திருக்கின்றனர். ஏட்டின் இறுதியில், இதனைப் படியெழுதியவர் இன்னார், எழுதிய ஆண்டு இன்னது என்று அவர்கள் குறித்துவைத்தனர். அந்த ஒரு வரியை எழுதும் துணிவு போலிசெய்வோனுக்கு ஒருநாளும் வராது.