சிந்தாமணிக்குப் பொருள் தேடிய சைவச் சான்றோர்

உலக அமைதி வேண்டிப் பல சமயத்தாரும் ஒரே மேடையில் கூடும் வழக்கம் 1893-ஆம் ஆண்டு சிகாகோ மாநாட்டிலிருந்து பெருகியது என்பர். அம்மாநாட்டில் ஜைன சமயத்தின் சார்பில் வீர்சந்த் ராகவ்ஜி காந்தி உரையாற்றினார். அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, காவிரிக் கரையிலுள்ள கும்பகோணத்தில், மேடையும் முழக்கமும் இன்றி ஒரு சமய ஒத்துழைப்பு தொடங்கிவிட்டது. அதனைத் தொடங்கியவர் தமிழ்த் தாத்தா எனப் போற்றப்பெறும் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் ஆவார்.

ஐயரவர்கள் தஞ்சைத் தரணியில், பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தில் 19-2-1855 அன்று தோன்றினார். திருவாவடுதுறை ஆதீன வித்துவான் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் பயின்றார். பிள்ளையவர்கள் சைவப் பெரும்புலவர். ஆயினும் கிறிஸ்தவரான மாயூரம் வேதநாயகம் பிள்ளையின்மீது குளத்துக்கோவை பாடியவர். சமய எல்லை கடந்த அந்த நட்புணர்வு மாணவரிடமும் படிந்தது.

1880-ஆம் ஆண்டு ஐயரவர்கள் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில், அவ்வூர் முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைக் கண்டார். தாம் கற்ற அந்தாதி, கலம்பகம், புராணம் முதலியவற்றை அவர் அடுக்கிச் சொல்ல, முதலியார் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டோ என வினவினார். படித்ததில்லை. முதலியார் தந்த பிரதியைக் கொண்டு படிக்கத் தொடங்கினார். நச்சினார்க்கினியர் உரை கையில் இருந்தும், சமண சமயச் சொற்கள் பல விளங்கவில்லை.

அவற்றுக்குத் தாமே பொருள் கற்பித்துக்கொள்ளாமல், அச்சமயத்தாரிடமே கேட்டறிய ஐயரவர்கள் துணிந்தார். கும்பகோணத்துச் சமணர் இல்லம் ஒன்றுக்குச் சென்றபோது, அங்கே மாவிலைத் தோரணம் கட்டப்பெற்றிருந்தது. சிந்தாமணி படித்து முடித்த மகிழ்ச்சிக்கான விழா அது! புலவர்கள் மறந்திருந்த காப்பியத்தை நம் முன்னோர் புனித நூலாகப் படித்துவந்தனர். சந்திரநாத செட்டியார், வீடூர் அப்பாசாமி நயினார் முதலியோர் ஐயங்களுக்கெல்லாம் முகமலர்ந்து விடை கூறினர். வேற்றுச் சமயத்தவர் என எண்ணி ஒன்றையும் மறைத்தாரில்லர்.

சைவ மடத்தில் வளர்ந்தவர் சமண நூலில் உழைப்பதா எனக் குறை கூறியோரும் இருந்தனர். சேக்கிழார் பெரிய புராணம் இயற்றியதே, சோழ மன்னன் சிந்தாமணியில் கொண்ட விருப்பத்தை மாற்றத்தான் என்னும் கதை வழங்கும் நாடு இது. அத்தகைய சூழலில் குறைமொழிக்கு ஐயரவர்கள் செவி சாய்க்கவில்லை. திருநீறு அணிந்த சைவராகவே நின்று, சமணக் காப்பியத்துக்கு உண்மையான பொருளைத் தேடினார். அவரது ஆர்வத்தைக் கண்ட சமண அன்பர்கள் அவரைப் பவ்ய ஜீவன் என்றே மதித்தனர்.

பல ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கி, பதின்மூன்று இலம்பகங்களையும் நச்சினார்க்கினியர் உரையுடன் 1887-இல் பதிப்பித்தார். பாரிஸ் நகரப் பேராசிரியர் ஜூலியன் வின்சோன் அப்பதிப்பைக் கண்டு அவருடன் கடிதத் தொடர்பு கொண்டார். 1892-இல் சிலப்பதிகாரம் வெளிவந்தது. 1898-இல் மணிமேகலையைப் பதிப்பித்தபோது, பௌத்தக் கருத்துகளையும் அவ்வாறே கற்றறிந்தார்; புத்தர் வரலாற்றையும் எழுதினார். 28-4-1942 அன்று அவர் மறைந்தார்.

பிற சமயத்தைப் பொறுத்துக்கொள்ளுதல் நன்று. அதனை உடையவரிடமே சென்று, அவர் கொள்ளும் பொருளிலேயே அறிந்துகொள்ளுதல் அதனினும் நன்று. பொருளைப் பல கோணங்களில் காண்க என்னும் நம் அநேகாந்தக் கொள்கையும் இதனையே வற்புறுத்துகின்றது. பகைமை பெரும்பாலும் பிறர் நம்பிக்கைக்கு நாமே பொருள் கற்பிக்கும் இடத்தில்தான் முளைக்கின்றது.

கேட்க வந்தவர் பெருமையை உலகம் அறியும். கதவைத் திறந்து விடை சொன்னவர் கடமை நம்முடையது. அன்று அக்குடும்பங்கள் நூலைப் படித்து, பொருளை அறிந்து வைத்திருந்தமையால்தான் விடை சொல்ல முடிந்தது. இன்று அறிஞர் ஒருவர் நம் வாயிலில் வந்து நின்றால், சொல்வதற்கு நம்மிடம் பொருள் இருத்தல் வேண்டும். வீடுதோறும் சிந்தாமணி மீண்டும் படிக்கப்பெறுக. நம் மக்கள் அதன் பொருளை அறிக.