தமிழில் மருத்துவம் தந்த கிறீன்

மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்த வள்ளுவர், நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றோடு, அருகிருந்து பேணுவானையும் ஒன்றாக வைத்தார். நோயாளிக்கும் அவனைப் பேணுவாருக்கும் மொழியும் சமயமும் வேறாயின், இருவரையும் இணைப்பது யாது? இவ்வினாவுக்குத் தம் வாழ்வால் விடை தந்தவர் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

நல்லூரில் ஆறுமுக நாவலர் தோன்றிய 1822ஆம் ஆண்டிலேயே, அமெரிக்காவின் வூஸ்ரர் நகரிற் கிறீனும் பிறந்தார். நியூயோர்க்கில் மருத்துவம் கற்று, அமெரிக்க மிசன் ஊழியராக 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டு மானிப்பாயில் அமர்ந்து நோயாளரைப் பார்த்ததோடு, மாணாக்கருக்கு ஆங்கிலத்தில் மருத்துவமும் கற்பித்தார். தமிழையும் முயன்று கற்றார்.

ஆங்கிலத்திற் கற்றவர் உத்தியோகத்தையும் நகரத்தையும் நாடுவர். கிராமத்து நோயாளிக்கு அவர் கிட்டார். இதனை உணர்ந்த கிறீன், தாயகம் சென்று 1862இல் மீண்டு வந்தபின், தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கலானார். அதற்கு நூல் வேண்டுமே! அங்காதிபாதம், இரண வைத்தியம், கெமிஸ்தம் முதலிய நூல்களைத் தமிழாக்கினார். கலைச்சொற் பட்டியல்களும் வெளியிட்டார். அவற்றில் வடசொல் மிகுதிதான். ஆயினும், சொல்லே இல்லாத துறையில் முதற்சால் ஓட்டியவரை நாம் குறைகூறல் தகாது. அவரிடம் பயின்ற வைத்தியர் அறுபதின்மருக்கு மேற்பட்டோர்.

மாணாக்கர் நாட்டுடையைக் கைவிடலாகாது என்பதிலும் அவர் உறுதியாய் நின்றார். காரணம் ஊகித்தற்கு அரிதன்று. காற்சட்டை அணிந்த நம்மவனைக் கண்டாலே ஒடுங்கி நிற்கும் ஏழை, தன் நோயை அவனிடம் எங்ஙனம் வாய்விட்டுரைப்பான்?

சமயம் பரப்புதலும் கிறீனின் நோக்கமே. சைவனாகிய எனக்கு அதில் உடன்பாடில்லை. எனினும், 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் 1884இல் இறக்குமளவும் தமிழ் மருத்துவ நூற்பணியை விடாத அவ்வன்பினை வணங்காதிருத்தல் நன்றியன்று. தமிழர்க்குரிய மருத்துவ ஊழியர் என்றே தம் கல்லறையிற் பொறிக்கவும் விரும்பினார்.

இன்று எம் சித்தாண்டியிலிருந்து மட்டக்களப்பு ஆசுபத்திரிக்குச் செல்லும் முதிய வேளாளர் ஒருவர், கால் உளைகிறது, நெஞ்சு கரிக்கிறது என்று முறையிடுகிறார் எனக் கொள்வோம். கேட்கும் தாதிக்குச் சிங்களமே தாய்மொழியாயின், உளைவும் கரிப்பும் அவருக்கு எங்ஙனம் விளங்கும்? தென்னிலங்கையிற் பணியேற்கும் நம் தமிழ்த் தாதியின் நிலையும் இதுவே. தாதியர் பயிற்சிக்குச் செல்லும் என் மாணவியர்க்கு நான் கூறுவது ஒன்றே: நோயாளி தன் வேதனையைச் சொல்லும் சொற்களை முதலிற் கற்றுக்கொள்ளுங்கள். கடல் கடந்து வந்த ஒருவருக்கு அது இயன்றது. ஒரே தீவிற் பிறந்த நமக்கு இயலாதா?