வெள்ளைப் புடவையில் வந்த ஔவை – கே.பி.சுந்தராம்பாள்

 

போன வாரம் ஆபீஸ்ல ஒரு கிளையண்ட் டெமோ. கால்ல மொத்தமே பன்னிரண்டு பேர்தான். மைக்கை ஆன் பண்ணதும் எனக்குக் குரல் நடுங்கிடுச்சு. அன்னைக்கு ராத்திரி தூக்கம் வராம யூடியூபில் 'திருவிளையாடல்' ஓட விட்டேன். பழம் கிடைக்காத கோபத்தில் நம்ம அப்பன் மலையேறி நிக்கிறான். நரைச்ச தலையோட ஒரு பாட்டி வந்து பாட ஆரம்பிக்கிறாங்க. நகை இல்ல, மேக்கப் இல்ல. ஆனா கண்ணை வேற பக்கம் திருப்ப முடியல. அந்தப் பாட்டிதான் கே.பி.சுந்தராம்பாள்.

1908-ல் காவிரிக்கரை கொடுமுடியில் பிறந்தவங்க. வீட்டில் அவ்வளவு வறுமை. சின்ன வயசில் ரயிலில் பாடிக் காசு வாங்கியிருக்காங்க. அப்புறம் நாடகக் கம்பெனி. மைக் வராத காலம் அது. கடைசி வரிசையில் தரையில் உக்கார்ந்திருக்கிறவர் காதுக்கும் குரல் போய்ச் சேரணும், இல்லைன்னா கூட்டம் எழுந்து போயிடும். அந்தக் குரலுக்கு ட்ரெயினிங் கொடுத்தது அந்த மேடைதான்.

இலங்கைக்கு நாடகம் போட்டப்போதான் எஸ்.ஜி.கிட்டப்பா அறிமுகம். அவரும் பாட்டில் கூட்டத்தைக் கட்டிப்போடுற ஆளு. 'வள்ளி திருமணம்' நாடகத்தில் அவர் வேலன், இவங்க வள்ளி. ரெண்டு பேரும் போட்டி போட்டுப் பாடுறதைக் கேட்கவே ஜனம் திரளும். 1927-ல் கல்யாணம் ஆச்சு. அந்த வாழ்க்கை ரொம்ப நாள் நிம்மதியா ஓடல. 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்துட்டார். அவருக்கு 28 வயசு கூட முடியல. இவங்களுக்கு 25.

இங்கதான் நான் கொஞ்சம் நிக்கணும். கணவனை இழந்த பெண் எதிர்ல வந்தாலே சகுனம் சரியில்லைன்னு திரும்பிப் போன காலம் அது. என் அப்பத்தா இன்னைக்கும் கல்யாண வீட்டில் பின்வரிசை நாற்காலியைத் தேடித்தான் உக்காருவாங்க. அப்படின்னா 1933-ல் நிலைமை எப்படி இருந்திருக்கும், யோசிச்சுப் பாருங்க. சுந்தராம்பாள் நகையைக் கழட்டினாங்க, வெள்ளைப் புடவை கட்டினாங்க, நெத்தியில் திருநீறு மட்டும் வச்சாங்க. ஆணுக்கு ஜோடியா இனி நடிக்கிறதில்லைன்னும் முடிவு பண்ணிட்டாங்க. இன்னைய சினிமா கணக்குப்படி பார்த்தா கேரியர் அத்தோட முடிஞ்சிருக்கணும்.

ஆனா நடந்தது வேற. 'நந்தனார்' படத்துக்குக் கூப்பிட்டாங்க. தட்டிக்கழிக்கிறதுக்காகவே ஒரு லட்சம் ரூபாய் கேட்டதா சொல்வாங்க. கேட்டதை அப்படியே கொடுத்துட்டாங்க! 1935-ல் வெளிவந்த அந்தப் படத்தில் நந்தனாரா ஆண் வேஷம் கட்டினது இவங்கதான். அப்புறம் மணிமேகலை, ஔவையார், கவுந்தியடிகள், காரைக்கால் அம்மையார். வேஷம் எல்லாம் துறவி, கிழவி, அடியார். 1953-ல் ஜெமினி வாசன் எடுத்த 'ஔவையார்' படத்தை முழுசா தோளில் தாங்கினது 45 வயசு அம்மா ஒருத்தங்க.

மேடைக்கு வெளியிலும் அதே கதைதான். காங்கிரஸ் கூட்டங்களில் இவங்க பாட்டைக் கேட்கவே ஜனம் வந்து உக்காரும், பேச்சு அப்புறம்தான். கதர் கட்டி, தேசியப் பாட்டுகளை ஊர் ஊராப் பாடினாங்க. 1951-ல் சென்னை சட்ட மேலவை உறுப்பினர் ஆனாங்க. சினிமாவிலிருந்து சட்டமன்றம் போற பாதையில் எம்.ஜி.ஆருக்கெல்லாம் முன்னாடி நடந்தவங்க. இதை எத்தனை பேர் ஞாபகம் வச்சிருக்கோம்?

நமக்கு அவங்க முருகன் பாட்டுக்காரம்மா. சாண்டோ சின்னப்பா தேவர் எடுத்த 'துணைவன்' படத்தில் பாடினதுக்குத் தேசிய விருது கிடைச்சது. 1970-ல் பத்மஸ்ரீ. 1980-ல் காலமானாங்க.

டெமோவுக்கு டிப்ஸ் சொல்ற வீடியோ நான் நிறைய பார்த்திருக்கேன். கையை இப்படி வை, சிரி, கண்ணைப் பார்னு சொல்லுவாங்க. சுந்தராம்பாள் சீனில் அதெல்லாம் ஒண்ணும் காணோம். எதிர்ல நிக்கிற குழந்தை நிஜமாவே முருகன்னு நம்பிப் பாடுறாங்க, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். லேப்டாப்பில் 'கந்தன் கருணை' போட்டேன். ஔவை வந்ததும், சுவர் ஓரமா இருந்த அப்பத்தா நாற்காலியை இழுத்துப் போட்டு முன்னாடி வந்து உக்கார்ந்தாங்க. சவுண்டை இன்னும் கூட்டுடான்னு சைகை வேற!

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🙏🦚